கூடு திரும்பாத தேனீக்கள்

பாகவதத்தின் பதினொன்றாம் ஸ்கந்தத்தில் ஓர் அவதூதர் வருகிறார். எந்தப் பற்றும் இன்றி ஆனந்தமாகத் திரியும் அவரைக் கண்ட யது மன்னன், இந்த நிறைவு எவ்வாறு வாய்த்தது என்று பணிவோடு வினவுகிறான். தமக்கு இருபத்து நான்கு குருமார்கள் உண்டு என்று கூறி, பூமி, காற்று, கடல், மலைப்பாம்பு என வரிசையாகச் சொல்லிச் செல்கிறார் அவதூதர். அந்த வரிசையில் தேனீக்கும் ஓர் இடம் உண்டு. பல மலர்களிடமிருந்து சிறிது சிறிதாக எடுத்துக்கொள்ளும் பண்பைத் தேனீயிடம் கற்றதாக அவர் கூறுகிறார்.

மகாபாரதத்தில் விதுரரும் இதே உயிரினத்தை நாடுகிறார். குடிமக்களிடம் வரி பெறும் முறையைத் திருதராஷ்டிரனுக்கு விளக்கும்போது, மலரைக் காத்துக்கொண்டே தேனை எடுக்கும் தேனீயை அவர் உவமையாக்குகிறார். துறவி ஊருக்குள் சென்று பிட்சை ஏற்கும் முறைக்குத் தம்மபதம் காட்டும் உவமையும் இதுவே. அரசனுக்கும் துறவிக்கும் அறிவை நாடுவோனுக்கும் ஒரே ஆசிரியராக இந்நாட்டுச் சிந்தனையில் அமர்ந்திருப்பது இச்சிற்றுயிர். கொடுப்பவருக்குத் துன்பம் நேராமல் பெற்றுக்கொள்வது எப்படி என்பதே அது நடத்தும் பாடம்.

அந்த ஆசிரியருக்கே இன்று இடர் நேர்ந்திருக்கிறது. உலகின் பல பகுதிகளில் தேனீக் கூட்டங்கள் பெருமளவில் மடிகின்றன. அதற்குக் காரணம் யாது என்று அறிவியலார் ஆராய்ந்து வருகின்றனர். அந்த ஆராய்ச்சியின் அருகிலேயே மற்றொரு வினாவும் எழுகிறது. ஒரு கேட்டுக்குப் பலர் காரணமாக இருந்து, அவர்களில் ஒருவரும் தீங்கு செய்ய நினைக்கவில்லையானால், அந்தக் கேட்டுக்குப் பொறுப்பு யாருடையது? இந்த வினாவை ஆய்வுக்கூடத்தில் தீர்க்க இயலாது. அது மனச்சான்றின் முன் வைக்க வேண்டிய வினா.

வெறுமையான பெட்டிகள்

2006-ஆம் ஆண்டு நவம்பர் மாதம். பென்சில்வேனியாவைச் சேர்ந்த டேவிட் ஹாக்கன்பர்க் என்ற தேனீ வளர்ப்பாளர், குளிர்காலத்துக்காக ஃபுளோரிடாவில் வைத்திருந்த தம் பெட்டிகளைக் காணச் சென்றார். ஏறக்குறைய நானூறு பெட்டிகளில் பெரும்பாலானவை வெறுமையாகக் கிடந்தன. தேன் இருந்தது, புழு வளரும் அடைகள் இருந்தன, சில பெட்டிகளில் ராணித் தேனீயும் இருந்தது. வேலைக்காரத் தேனீக்களை மட்டும் காணவில்லை. நோயால் மடிந்திருந்தால் பெட்டியின் அடியிலும் வாசலிலும் உடல்கள் குவிந்திருக்க வேண்டும். அங்கே ஓர் உடல்கூடக் கிடக்கவில்லை என்பதே அவரைத் திகைக்க வைத்தது. வெளியே சென்றவை கூடு திரும்பவில்லை.

அடுத்த சில மாதங்களில் அமெரிக்காவின் பல மாநிலங்களிலிருந்தும் இத்தகைய செய்திகள் வந்தன. அந்தக் குளிர்காலத்தில் அந்நாட்டின் வளர்ப்புத் தேனீக் கூட்டங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அழிந்தது. ‘கூட்டச் சிதைவு’ என்று பொருள்படும் புதுப்பெயர் ஒன்றும் சூட்டப்பட்டது. உடல்களே இல்லாமல் மறையும் அந்த விசித்திர வடிவம் பிற்காலத்தில் அரிதாகிவிட்டது. ஆனால் இழப்பு நிற்கவில்லை. 2024-25 குளிர்காலத்தில் அமெரிக்காவின் பெரிய தேனீ வளர்ப்பாளர்கள் தங்கள் கூட்டங்களில் சராசரியாகப் பாதிக்கும் மேற்பட்டவற்றை இழந்தனர்.

ஒரு குற்றவாளியைத் தேடி

துயரம் நேர்ந்தவுடன் ஒரே ஒரு குற்றவாளியைத் தேடுவது மனித இயல்பு. காரணம் ஒன்றாக இருந்தால் கோபத்துக்கு ஓர் இலக்கு கிடைக்கிறது. மற்ற அனைவருக்கும் விடுதலையும் கிடைக்கிறது.

2007-ஆம் ஆண்டில் அத்தகைய குற்றவாளியாகக் கைப்பேசி நிறுத்தப்பட்டது. ஜெர்மனியில் நடந்த ஒரு சிறிய ஆய்வில், வீடுகளில் பயன்படும் கம்பியில்லாத் தொலைபேசியின் தளக்கருவியைத் தேன்கூட்டினுள் வைத்துப் பார்த்திருந்தனர். நாளிதழ்களில் அது கைப்பேசியாக உருமாறி உலகெங்கும் பரவியது. கைப்பேசிக் கோபுரமே இல்லாத இடங்களிலும் கூட்டங்கள் அழிகின்றனவே என்ற எளிய வினாவைப் பலர் கேட்கவில்லை. தேனீக்கள் மறைந்தால் மனித குலம் நான்கே ஆண்டுகளில் அழியும் என்ற ஒரு கூற்றும் ஐன்ஸ்டீனின் பெயரால் அக்காலத்தில் பரவி, இன்றும் மேடைகளில் ஒலிக்கிறது. அவர் அவ்வாறு கூறியதற்குச் சான்று ஏதும் இல்லை. நெல்லும் கோதுமையும் காற்றின் துணையாலும் தன் மகரந்தத்தாலுமே விளைகின்றன என்பதை எண்ணிப் பார்த்தாலே அக்கூற்றின் மிகை விளங்கும். நல்ல நோக்கத்துக்கும் உண்மையே துணையாக வேண்டும். பொய்யின் மீது எழுப்பிய அச்சம், பொய் வெளிப்படும் நாளில் அலட்சியமாக மாறிவிடும்.

அறிவியலார் பொறுமையாகத் தேடியபோது ஒரு குற்றவாளி கிடைக்கவில்லை. பல காரணங்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதையே அவர்கள் கண்டனர்.

முதலாவது, வர்ரோவா என்னும் உண்ணி. கடுகளவே உள்ள இந்தச் செந்நிற உயிரி தேனீயின் உடலில் ஒட்டி அதன் கொழுப்புத் திசுவை உண்கிறது; அதன் வழியாகக் கொடிய நச்சுயிரிகளும் கூட்டத்தில் பரவுகின்றன. இந்த உண்ணியின் வரலாறு சிந்திக்கத்தக்கது. அதன் பூர்வீகம் ஆசியா. இங்குள்ள அடுக்குத் தேனீயோடு அது நெடுங்காலமாக வாழ்ந்து வந்தது. அடுக்குத் தேனீக்கள் ஒன்றன் உடலை மற்றொன்று சுத்தம் செய்து உண்ணியை அகற்றும். உண்ணியும் பெரும்பாலும் ஆண் தேனீயின் புழு அறைகளிலேயே பெருகும். இதனால் இரண்டும் அழியாமல் ஓர் எல்லைக்குள் வாழ்ந்தன. அதிகத் தேன் வேண்டும் என்பதற்காக மனிதன் ஐரோப்பிய இனத் தேனீயை ஆசியாவுக்குக் கொண்டு வந்தான். உண்ணி புதிய தேனீயின் மீது தாவியது. அந்தத் தேனீக்கு அதை எதிர்க்கத் தெரியாது. பின்னர் பெட்டிகளின் போக்குவரத்தோடு உண்ணியும் உலகம் சுற்றியது. 1987-இல் அது அமெரிக்காவில் காணப்பட்டது. நெடுங்காலம் தப்பியிருந்த ஆஸ்திரேலியாவிலும் 2022-இல் துறைமுக நகரான நியூகாசிலில் தென்பட்டது. அதை அடியோடு ஒழிக்கும் முயற்சியை அந்நாடு 2023-இல் கைவிட்டது. தன் இடத்தில் அளவோடு வாழ்ந்த ஓர் உயிரியைப் பேரழிவாக மாற்றியது மனிதனின் அவசரமே.

இரண்டாவது, பூச்சிக்கொல்லி. 1990-களில் ‘நியோனிகோட்டினாய்டு’ என்னும் வகை மருந்துகள் பரவலாயின. இந்திய உழவர்கள் நன்கறிந்த இமிடாகுளோபிரிட் இவ்வகையைச் சேர்ந்தது. விதை நேர்த்தியாக இதைப் பூசினால் செடி வளரும்போது தண்டு, இலை, மகரந்தம், பூந்தேன் என எங்கும் மருந்து பரவிவிடும். பழைய மருந்துகளைவிட இது மனிதருக்கும் கால்நடைக்கும் குறைந்த தீங்கு செய்யும் என்பதால் நல்ல மாற்றாகவே கருதப்பட்டது. 2008-ஆம் ஆண்டு வசந்த காலத்தில் ஜெர்மனியின் பாடன்-வூர்ட்டம்பர்க் பகுதியில், இவ்வகை மருந்து பூசிய மக்காச்சோள விதைகளை இயந்திரத்தால் விதைத்தபோது எழுந்த தூசி காற்றில் பரவி, ஆயிரக்கணக்கான தேனீக் கூட்டங்களைத் தாக்கியது. அதைவிட நுட்பமான தீங்கு ஒன்றைப் பிரான்ஸ் நாட்டு ஆய்வாளர்கள் 2012-இல் வெளியிட்டனர். தேனீக்களின் முதுகில் மிகச் சிறிய மின்னணு அடையாளத்தை ஒட்டி, கொல்லாத அளவே உள்ள மருந்தைச் சர்க்கரைப் பாகில் கலந்து கொடுத்து, தொலைவில் விடுத்தார்கள். மருந்து உண்ட தேனீக்களில் பல கூடு திரும்பவில்லை. விஷம் அவற்றை உடனே கொல்லவில்லை. வழியை மறக்கச் செய்தது. ஐரோப்பிய ஒன்றியம் இவ்வகையைச் சேர்ந்த மூன்று மருந்துகளுக்கு 2013-இல் கட்டுப்பாடு விதித்து, 2018-இல் திறந்த வயல்களில் அவற்றை முற்றிலும் தடை செய்தது.

மூன்றாவது, பசி. கண்ணுக்கெட்டிய தூரம் ஒரே பயிர் விளையும் நிலம் தேனீக்கு இரண்டு வாரம் விருந்து, பிறகு பாலைவனம். ஒரே வகை மகரந்தத்தை மட்டும் உண்ணும் தேனீ, ஒரே வகை உணவில் வளரும் குழந்தையைப் போல வலுவிழக்கிறது. கலிபோர்னியாவின் வாதுமைத் தோப்புகளுக்கு ஒவ்வொரு பிப்ரவரி மாதமும் நாட்டின் நான்கு மூலைகளிலிருந்தும் இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட பெட்டிகள் லாரிகளில் வந்து சேர்கின்றன. அத்தனை கூட்டங்கள் ஓரிடத்தில் கூடும்போது ஒன்றன் நோய் மற்றொன்றுக்கு எளிதில் தாவுகிறது.

இவற்றோடு குடல் நோய்கள், காடுகளும் வேலிகளும் அழிதல், பூக்கும் காலத்தை முன்பின்னாக்கும் பருவநிலை மாற்றம் ஆகியவையும் சேர்கின்றன. ஒன்று மற்றொன்றுக்குத் துணை போகிறது. பசித்த தேனீயை மருந்து எளிதில் தாக்கும். மருந்தால் தளர்ந்த தேனீயை நோய் எளிதில் வெல்லும். 2025-ஆம் ஆண்டின் பேரிழப்பை ஆராய்ந்த அமெரிக்க அறிவியலார், மடிந்த கூட்டங்களில் கொடிய நச்சுயிரிகளையும், அவற்றைப் பரப்பும் உண்ணிகள் வழக்கமான மருந்துக்கு அடங்காமல் போயிருப்பதையும் கண்டனர். தீர்வாகத் தந்த மருந்தே காலப்போக்கில் பகைவனுக்குப் பயிற்சியாகிவிட்டது.

இந்திய மண்ணில்

இந்திய அனுபவமும் எளிய விடைகளை மறுக்கிறது. தென்னிந்தியாவில் நவீனத் தேனீ வளர்ப்பு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வேரூன்றியது. அடுக்குத் தேனீக்கு ஏற்ற சிறிய மரப்பெட்டியை நியூட்டன் என்ற பாதிரியார் 1910-களில் உருவாக்கினார்; அப்பெட்டி இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. குமரி மாவட்டத்து மார்த்தாண்டம் தேனுக்குப் பெயர் பெற்ற ஊராயிற்று. ரப்பர் மரங்கள் இலையுதிர்த்துத் துளிர்க்கும் நாள்களில் இளந்தளிர்க் காம்புகளில் சுரக்கும் இனிய நீரே அங்கு முக்கியமான தேன் வரத்து.

1991-92 ஆண்டுகளில் ‘தாய் சாக்புரூடு’ என்னும் நச்சுயிரி நோய் தென்மாநிலங்களில் புகுந்தது. நோயுற்ற புழுக்கள் நீர் நிறைந்த சிறு பைகளைப் போலாகி அறைக்குள்ளேயே மடிந்தன. பல இடங்களில் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேற்பட்ட கூட்டங்கள் அழிந்தன. கூரையோரத்தில் பத்து இருபது பெட்டிகள் வைத்து, அந்த வருமானத்தில் பிள்ளைகளின் படிப்புச் செலவைச் சமாளித்த சிறு குடும்பங்களுக்கு அது பெரும் அடி. பலர் தொழிலையே கைவிட்டனர். நோய்க்குத் தப்பிய கூட்டங்களைப் பொறுமையாகப் பெருக்கியவர்கள் மெல்ல மீண்டனர்.

வட இந்தியாவில் நிலைமை வேறு. 1960-களில் பஞ்சாப், இமாசலப் பகுதிகளில் ஐரோப்பியத் தேனீ நிலைபெற்றது. கடுகு பூக்கும் காலத்தில் ராஜஸ்தானுக்கும், பின்னர் பிற பயிர்களை நாடியும் பெட்டிகள் ஊர்விட்டு ஊர் செல்கின்றன. இமாசலப் பிரதேசத்தின் ஆப்பிள் தோட்டங்களில், மலர்கள் விரியும் நாள்களுக்காக உழவர்கள் தேனீப் பெட்டிகளை வாடகைக்கு எடுக்கிறார்கள். ஒரு காலத்தில் அருகிலுள்ள காடு கேளாமலே செய்து வந்த பணி அது. ஒருவகையில் அந்த வாடகை, காட்டை இழந்ததற்குச் செலுத்தும் கட்டணம்.

மயிலிறகும் அச்சும்

இவ்வளவையும் தொகுத்துப் பார்த்தால் ஒரு விநோதமான காட்சி கண்முன் தோன்றுகிறது. மருந்து தயாரிப்பவர் உண்ணியைச் சுட்டுகிறார். தேனீ வளர்ப்பாளர் மருந்தைச் சுட்டுகிறார். உழவர் சந்தையைச் சுட்டுகிறார். புழு துளைத்த காயை யார் வாங்குவார் என்று கேட்கிறார். வியாபாரி, புள்ளியில்லாத பழத்தையே பொறுக்கும் வாடிக்கையாளரைச் சுட்டுகிறார். வாடிக்கையாளரோ, அரசு ஏன் கவனிக்கவில்லை என்கிறார். ஒவ்வொருவர் சொல்வதிலும் உண்மை இருக்கிறது. அதனாலேயே ஒவ்வொருவரும் நிம்மதியாக உறங்க முடிகிறது.

அளவுக்கு மீறி ஏற்றினால் மயிலிறகின் பாரத்தாலும் வண்டியின் அச்சு முறியும் என்ற திருவள்ளுவரின் உவமையைத் தமிழறிந்தோர் யாவரும் அறிவர். தன் வலிமையும் பகைவர் வலிமையும் அறிய வேண்டிய அரசனுக்காக அவர் அதைக் கூறினார். தேனீக்களின் நிலையோடு அதைப் பொருத்தினால் வேறொரு பொருளும் புலப்படுகிறது. அச்சு முறிந்தபின், அதை முறித்தது எந்த இறகு என்று விசாரித்தால் எந்த இறகும் குற்றவாளியாகாது. ஒவ்வோர் இறகும் தன் எடையின்மையைச் சான்றாகக் காட்டும். ஆயினும் அச்சு முறிந்தது உண்மை. இறகுகளாலேயே முறிந்ததும் உண்மை.

இங்கே இரண்டு வினாக்களைப் பிரித்தறிய வேண்டும். எந்தக் காரணம் எவ்வளவு பங்கு வகித்தது என்பது அறிவியலின் வினா. அதற்கு விடை காண்பதில் ஐயமும் திருத்தமும் இருந்தே தீரும். அது அறிவியலின் நேர்மை. என் செயல் இப்பாரத்தில் சேர்கிறதா என்று ஒவ்வொருவரும் தம்மைக் கேட்டுக்கொள்வது அறத்தின் வினா. அதற்கு விடை கூற நூற்றுக்கு எத்தனை விழுக்காடு என்ற கணக்குத் தேவையில்லை. முதல் வினாவில் இருக்கும் ஐயத்தை எடுத்து இரண்டாம் வினாவுக்குக் கேடயமாகப் பிடிப்பதே இக்காலத்தின் பெரிய தந்திரம். தீர்ப்பு வரும்வரை எவரும் மாற வேண்டியதில்லை என்று வாதிடுவோர், தீர்ப்பு வரவேண்டும் என்று உண்மையில் விரும்புவதில்லை.

பொறுப்பைப் பங்கிட்டால் அது குறைந்துபோகும் என்பது மற்றொரு மயக்கம். நூறு பேர் சேர்ந்து ஒரு கிணற்றைத் தூர்த்தால் ஒவ்வொருவருக்கும் நூற்றில் ஒரு பங்கு பாவம் என்று எண்ணத் தோன்றும். ஆனால் தாகத்தால் தவிப்பவனுக்கு மறைந்தது ஒரு முழுக் கிணறு. கர்மம் பற்றிய இந்நாட்டுச் சிந்தனை, உடன் செய்தவர் எத்தனை பேர் என்று கேட்பதில்லை. செய்தவன் தன் செயலுக்கு முழுமையாக விடை கூற வேண்டும் என்றே அது வற்புறுத்துகிறது.

அறியாமல் செய்த ஹிம்சை

“தீங்கு செய்ய யாரும் நினைக்கவில்லையே” என்ற மறுப்பு எஞ்சி நிற்கிறது. இது வலுவான மறுப்பு. பருத்தியைக் காக்க மருந்து தெளித்த உழவர் தேனீயைக் கொல்ல எண்ணவில்லை. கடன் வாங்கி விதைத்தவர் அவர். ஒரு பருவம் பொய்த்தால் குடும்பம் தெருவுக்கு வரும். மருந்தைக் கண்டுபிடித்த அறிஞரும் மனிதரின் நலத்தையே நினைத்தார். தீய எண்ணம் இல்லாத இடத்தில் குற்றம் எங்கே?

பழைய தர்ம நூல்கள் இவ்வினாவை வியக்கத்தக்க எளிமையோடு அணுகியிருக்கின்றன. இல்லறத்தான் ஒவ்வொருவன் வீட்டிலும் உயிர்க்கொலை நிகழும் இடங்கள் ஐந்து என்று மனுஸ்மிருதி குறிப்பிடுகிறது. அடுப்பு, அம்மி, துடைப்பம், உரல், தண்ணீர்க் குடம் ஆகியவையே அவை. இதற்குப் ‘பஞ்சசூனை’ என்று பெயர். அடுப்பில் விறகை வைக்கும் இல்லத்தரசி எறும்பைக் கொல்ல நினைப்பதில்லை. ஆனால் விறகோடு எறும்பும் எரிகிறது. பெருக்கும்போதும் இடிக்கும்போதும் அரைக்கும்போதும் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் மடிகின்றன.

இதற்காக அந்நூல்கள் இல்லறத்தானைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தவில்லை. அடுப்பை அணைத்துவிடு என்றும் கூறவில்லை. அவ்வாறு கூறினால் வாழ்க்கையே நின்றுவிடும். “உனக்குத் தெரியாமல் நடந்தது, ஆதலால் உனக்குச் சம்பந்தமில்லை” என்றும் அவனை விட்டுவிடவில்லை. இரண்டுக்கும் நடுவே ஒரு வழியை அவை காட்டின. அறியாமல் நிகழும் ஹிம்சைக்கு ஈடாக அவன் நாள்தோறும் ஐந்து வேள்விகளைச் செய்ய வேண்டும். வேதம் ஓதுதல், முன்னோரை நினைத்தல், தேவர்க்கு அளித்தல், விருந்தினரைப் பேணுதல், பிற உயிர்களுக்கு உணவிடுதல் என்பன அவை. இவற்றுள் கடைசியாகக் கூறியது பூத யக்ஞம். உயிர்களுக்குத் தீங்கு செய்யாமல் வாழவே இயலாதவன், உயிர்களுக்கு ஏதேனும் திருப்பிச் செய்தாக வேண்டும் என்பதே அதன் உட்பொருள்.

குற்றம் வேறு, கடன் வேறு என்ற நுட்பமான வேறுபாடு இதனுள் அடங்கியிருக்கிறது. குற்றத்துக்குத் தீய எண்ணம் வேண்டும். கடனுக்கு அது வேண்டியதில்லை. வாழ்வதாலேயே மனிதன் கடன்படுகிறான். தேனீக்களின் அழிவில் தீய எண்ணம் கொண்டோரைத் தேடினால் எவரும் அகப்படமாட்டார். கடன்பட்டோரைத் தேடினால், காலையில் பழம் நறுக்கும் ஒவ்வொரு வீட்டிலும் ஒருவர் கிடைப்பார்.

கடனின் அளவு எல்லோருக்கும் ஒன்றாகாது என்பதையும் மறத்தலாகாது. அதிகம் அறிந்தவருக்கும் அதிகம் பெற்றவருக்கும் கடன் அதிகம். தன் மருந்தின் விளைவை ஆய்ந்தறியும் வசதி படைத்த நிறுவனமும், அதை விற்க அனுமதிக்கும் அரசும், இரண்டு ஏக்கர் உழவரும் ஒரே தட்டில் நிற்க முடியாது. எல்லோருக்கும் பொறுப்பு உண்டு என்ற சொல், வலியவர் எளியவரின் பின்னால் ஒளிந்துகொள்ளும் திரையாகிவிடலாகாது.

பயனுக்காகவா, உறவுக்காகவா?

தேனீயைக் காக்க வேண்டும் என்போர் பெரும்பாலும் கூறும் காரணம் பயன். உலகின் முக்கிய உணவுப் பயிர் வகைகளில் நான்கில் மூன்று பங்கு, ஓரளவேனும் மகரந்தம் பரப்பும் உயிர்களைச் சார்ந்துள்ளன என்று 2016-இல் வெளியான பன்னாட்டு அறிக்கை ஒன்று கூறியது. விளைச்சலின் எடையைக் கணக்கிட்டால் அது மூன்றில் ஒரு பங்கை ஒட்டி வரும். பழம், காய், பருப்பு, எண்ணெய் வித்து என உணவுக்குச் சுவையும் சத்தும் தருபவை இவற்றில் அடங்கும். இது பொய்யல்ல, வலுவான காரணமே.

எனினும் பயன் ஒன்றையே அடிப்படையாகக் கொண்டால் ஒரு வழுக்கல் நேர்கிறது. உலகெங்கும் வளர்ப்புத் தேனீப் பெட்டிகளின் மொத்த எண்ணிக்கை கடந்த அறுபது ஆண்டுகளில் குறையவில்லை. 1961-இல் சுமார் ஐந்து கோடியாக இருந்த எண்ணிக்கை இன்று ஒன்பது கோடியைத் தாண்டியிருக்கிறது. மடிந்த கூட்டங்களுக்கு ஈடாகப் புதிய கூட்டங்களைப் பிரித்துப் பெருக்கும் மனித உழைப்பு அதற்குக் காரணம். பெட்டிகள் பெருகும்போதும் பெட்டிக்குள் வராத தேனீக்களின் நிலை வேறாக இருக்கிறது. உலகில் ஏறத்தாழ இருபதாயிரம் தேனீ இனங்கள் உண்டு. மலைத்தேனீ, கொம்புத்தேனீ, கொசுத்தேனீ, தனித்து வாழும் எண்ணற்ற சிறு இனங்கள் ஆகியவற்றுக்குப் பெட்டியும் இல்லை, கணக்கெடுப்பும் இல்லை. ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் காட்டுத் தேனீ இனங்கள் பல குறைந்துவருவது பதிவாகியுள்ளது. பயன் தரும் ஓர் இனத்தை மட்டும் கூலிக்கு வைத்துப் பேணிவிட்டு, மற்றவை போகட்டும் என்று விடுவது கணக்குக்குச் சரியாக வரலாம்.

அக்கணக்கின் இறுதி எல்லையைச் சீனத்தின் ஸிச்சுவான் மாநிலத்தில் காணலாம். அங்கே ஹன்யுவான் பகுதிப் பேரிக்காய்த் தோப்புகளில் மனிதர்களே மரமேறி, மூங்கில் கழியில் கட்டிய இறகுகளால் ஒவ்வொரு மலரிலும் மகரந்தத்தைத் தொட்டு வைக்கிறார்கள். பூச்சிமருந்தின் மிகுதியால் தேனீ வளர்ப்போர் அத்தோப்புகளுக்கு வரத் தயங்கியதும், ஒத்த மகரந்தம் தரும் மரங்கள் குறைந்ததும் இதற்குக் காரணங்கள். பேரிக்காய் விளைகிறது, சந்தைக்கும் போகிறது. பயனை மட்டும் நோக்குவோருக்கு அங்கே எந்தக் குறையும் தென்படாது. ஆயினும் அக்காட்சியைக் கேட்ட மாத்திரத்தில் நெஞ்சில் ஏதோ ஒன்று நெருடுகிறது. அந்த நெருடலுக்குக் காது கொடுக்க வேண்டும். எதையோ இழந்துவிட்டோம் என்று அறிவுக்கு முன்பே இதயம் சொல்வது அது.

இழந்தது உறவு. பிருகதாரண்யக உபநிஷதத்தில் ‘மது வித்யை’ என்றொரு பகுதி உண்டு. உலகும் உயிர்களும் ஒன்றுக்கொன்று தேனாக அமைந்திருப்பதை அது படிப்படியாக விளக்குகிறது. தேன்கூட்டைத் தேனீக்கள் கட்டுகின்றன. தேன்கூடே தேனீக்களைக் காக்கிறது. அதுபோல ஒவ்வொன்றும் மற்றவற்றால் ஆக்கப்பட்டு, மற்றவற்றை ஆக்குகிறது என்பது அதன் கருத்து. இந்தப் பார்வையில் தேனீ மனிதனுக்குப் பணியாளன் அல்ல. இருவரும் ஒரே கூட்டைக் கட்டுவோர். பணியாளனை இழந்தால் வேறொருவரை அமர்த்தலாம். உடன்பிறப்பை இழந்தால் அந்த இடம் வெறுமையாகவே இருக்கும்.

கடன் தீர்க்கும் வழி

பூத யக்ஞம் பெரிய செயல்களைக் கேட்கவில்லை. தன் இலையிலிருந்து ஒரு பிடி சோற்றையே கேட்டது. இக்காலத்துப் பூத யக்ஞமும் அவ்வாறே எளியது. பயிர் பூத்திருக்கும் நாள்களில் மருந்தைத் தவிர்ப்பதும், தவிர்க்க இயலாதபோது தேனீக்கள் கூடடைந்தபின் மாலையில் தெளிப்பதும் உழவர் செய்யக்கூடியவை. வரப்பில் வளரும் துளசியையும் தும்பையையும் களையென்று ஒழிக்காமல் விடலாம். தேன் வறட்சிக் காலத்துக்கென்று அடைகளில் ஒரு பகுதியைத் தேனீக்களுக்கே விட்டுவைப்பது வளர்ப்பாளரின் அறம். நகரத்து அடுக்குமாடியில் மலைத்தேனீ கூடு கட்டினால் உடனே தீப்பந்தம் தேடாமல், ஆபத்தில்லாத உயரத்தில் இருந்தால் சில மாதம் பொறுத்திருக்கலாம்; பருவம் முடிந்ததும் அவை தாமே கூட்டைவிட்டுப் புலம்பெயரும். சிறு புள்ளி விழுந்த கொய்யாவை ஒதுக்காமல் வாங்குவதும் ஒரு வேள்வியே. அந்தப் புள்ளியைப் பொறுத்துக்கொள்ளும் கை, எங்கோ ஒரு வயலில் ஒரு முறை மருந்து தெளிப்பதைக் குறைக்கிறது.

இவற்றால் மட்டும் அழிவு நின்றுவிடுமா என்று கேட்கலாம். நிற்கும் என்று உறுதி கூற இயலாது. அரசும் ஆய்வு நிலையங்களும் வணிக நிறுவனங்களும் ஆற்ற வேண்டிய பெரும் பங்கு இருக்கவே செய்கிறது. அதைக் கேட்டுப் பெறுவதும் குடிமக்களின் கடமை. ஆனால் பலன் உறுதியானால்தான் கடமையைத் தொடங்குவேன் என்பது இந்நாட்டு அறநெறி கற்பித்த பாடமன்று. வண்டியிலிருந்து தன் இறகை எடுத்துக்கொள்பவன், அச்சு பிழைக்குமா என்று தெரிந்துகொண்டு அதைச் செய்வதில்லை. அது தன் இறகு என்பதால் எடுத்துக்கொள்கிறான்.

யது மன்னனிடம் அவதூதர் தேனீயைப் பற்றி இரண்டு பாடங்களைக் கூறினார். முதல் பாடம், சிறிது சிறிதாகப் பெறுதல். இரண்டாவது ஓர் எச்சரிக்கை. மிகுதியாகச் சேர்த்து வைக்கும் தேனீ, தான் சேர்த்த தேனாலேயே அழிவைத் தேடிக்கொள்கிறது. தேன் எடுப்பவன் அதற்காகவே அக்கூட்டை நாடி வருகிறான். முதல் பாடத்தைத் தேனீ இன்றும் தவறாமல் கடைப்பிடித்து வருகிறது. ஒரு வேலைக்காரத் தேனீ தன் சில வார வாழ்நாள் முழுதும் உழைத்துச் சேர்ப்பது ஒரு தேக்கரண்டித் தேனில் ஏறக்குறைய பன்னிரண்டில் ஒரு பங்கு. அவ்வளவையும் எந்த மலருக்கும் நோவு தராமல், மலர்கள் காயாகவும் கனியாகவும் துணைசெய்து சேர்க்கிறது. இரண்டாம் பாடம் யாருக்காகக் கூறப்பட்டது என்பதை, மேலும் மேலும் தேன் வேண்டும் என்று பெட்டிகளைக் கண்டம் விட்டுக் கண்டம் கொண்டுசென்ற மனிதன்தான் எண்ணிப் பார்க்க வேண்டும்.